கணினிக் கேள்வி பதில்: ‘ரன்னிங்’ என்கிறது, ஆனால் எழும்பவில்லை

திருகோணமலையில் கல்வி நிலையம், விடுதி, அரிசி ஆலை போன்ற சின்ன இடங்களிலும் பழைய கணினி ஒன்றில் புரொக்ஸ்மொக்ஸ் (ஒரே கணினியைப் பல தனிக் கணினிகள் போலப் பிரித்து நடத்தும் மென்பொருள்) போட்டு, லினக்ஸ் கொன்டெய்னர்களில் (அப்படிப் பிரித்த தனி அறைகளில்) வேலையை நடத்தத் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை வந்த கடிதங்களைப் பார்த்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், நான் வேறு மாதிரிச் சொல்லாத இடங்களில் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் சிலர் சேர்ந்து உப்புவெளியில் ஒரு கல்வி நிலையம் நடத்துகிறோம். அங்குள்ள சேர்வரில் பல வருடமாகப் புரொக்ஸ்மொக்ஸ் 6 ஓடியது. போயா விடுமுறையில் வகுப்பு இல்லாத நேரம் பார்த்து 7க்கு ஏற்றினேன். மற்ற இரண்டு கொன்டெய்னரும் ஒழுங்காக வருகின்றன. பிள்ளைகளின் வரவும் கட்டணமும் பதிகிற 105ம் இலக்கம் மட்டும் வரவில்லை. ஸ்டார்ட் கொடுத்தால் பச்சை அடையாளம் வருகிறது, ‘ரன்னிங்’ என்கிறது. ஆனால் கொன்சோல் கறுப்பாக நிற்கிறது, ஐபி முகவரி எடுக்கவில்லை, உலாவியில் ஒன்றும் திறக்கவில்லை. உள்ளே இருப்பது உபுண்டு 16.04. அழித்துவிட்டு பேக்கப்பிலிருந்து திரும்பப் போடு என்கிறான் நண்பன். கடைசி பேக்கப் மூன்று கிழமைக்கு முந்தையது. செய்யலாமா?

பதில்: அழிக்காதீர்கள் தம்பி. நண்பர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வழியில் போனால் மூன்று கிழமைக் கட்டணப் பதிவும் போய், கொன்டெய்னரும் இப்போது நிற்கிற இடத்திலேயே வந்து நிற்கும். பேக்கப்பில் இருப்பதும் அதே உபுண்டு 16.04தானே! 105க்குள் ஒன்றும் பழுதாகவில்லை. அதைச் சுமக்கிற சேர்வர்தான் மாறியிருக்கிறது.

கொன்டெய்னர் எப்படி எழும்புகிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். முழு மெய்நிகர் கணினி என்றால் அதற்குத் தனி கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) இருக்கும், அதை ஏற்றிவிடுகிற கிரப் இருக்கும், வட்டைத் தேடிப் பிடித்து எழும்பும். கொன்டெய்னருக்கு இதில் எதுவும் கிடையாது. ஒரே வளவுக்குள் நாலு வீடு இருந்தாலும் கிணறு ஒன்றுதான் என்பது போல, எல்லாக் கொன்டெய்னரும் சேர்வரின் ஒரே கெர்னலில்தான் வாழ்கின்றன. ‘ஸ்டார்ட்’ கொடுத்ததும் சேர்வர் அந்தக் கொன்டெய்னருக்கென்று தனி நேம்ஸ்பேஸ்களை (மற்றவற்றைக் காணாதபடி அடைத்த பிரிவுகளை) உண்டாக்கி, அதன் கோப்புகளை ரூட் ஆக்கி, உள்ளே மற்ற எல்லாவற்றையும் தொடக்கி வைக்கிற இனிட் நிரலை 1ம் இலக்கச் செயலாகத் தொடக்கிவிடும். அந்த 1ம் இலக்கம் உயிரோடு இருக்கும்வரை ‘ரன்னிங்’ என்றே சொல்லும். அது வேலை செய்கிறதா, உறைந்து நிற்கிறதா என்று சேர்வர் பார்ப்பதில்லை. பச்சை அடையாளத்துக்கு அதற்கு மேல் அர்த்தம் இல்லை.

சரி, உறைந்து நிற்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சேர்வரின் ஷெல்லில் (கட்டளை தட்டும் திரையில்) ‘பிசிடி என்டர் 105’ கொடுங்கள். ‘பிசிடி’ என்பது கொன்டெய்னர்களை ஆளுகிற புரொக்ஸ்மொக்ஸ் கட்டளை. கொன்சோல் கறுப்பாக இருந்தாலும் இது உள்ளே விடும். இதற்கு லொகின் திரை தேவையில்லை. நேரே நேம்ஸ்பேஸுக்குள் போய் ஒரு ஷெல்லைத் திறந்துவிடும். உள்ளே ‘பிஎஸ் ஏயுஎக்ஸ்’ தட்டிப் பாருங்கள். நல்ல கொன்டெய்னர் என்றால் ஜேர்னல், கிரோன், எஸ்எஸ்எச், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல் என்று வரிசையாக வரும். உங்களுடையதில் இனிட், நீங்கள் இப்போது திறந்த ஷெல், நீங்கள் தட்டிய பிஎஸ், இவ்வளவுதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி வந்தால் இனிட் முதல் படியிலேயே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று அதன் வாயாலேயே கேட்கலாம். வெளியே வந்து ‘பிசிடி ஸ்டொப் 105’ கொடுங்கள். ‘ஷட்டவுன்’ வேண்டாம். அது இனிட்டிடம் சொல்லி நிறுத்துகிற கட்டளை. உறைந்த இனிட் பதில் சொல்லாது, நேரம்தான் போகும். பிறகு ‘எல்எக்ஸ்சி-ஸ்டார்ட் -என் 105 -எஃப்’ என்று தட்டுங்கள். இதில் கடைசி ‘எஃப்’ மட்டும் பெரிய எழுத்து. கொன்டெய்னர் முன்னணியில் தொடங்கும், இனிட் சொல்வதெல்லாம் உங்கள் கண்முன்னே திரையில் வரும். சில வரியில் நின்றுவிடும். சிஸ்டம்டி 229 என்று தன் பெயரைச் சொல்லும் (சிஸ்டம்டி என்பதுதான் அந்த இனிட் நிரல், 229 அதன் பதிப்பு). பிறகு ‘ஃபெயில்ட் டு மவுன்ட் சிகுரூப்’ என்று தொடங்கி ‘ஒப்பரேஷன் நொட் பெர்மிட்டட்’ என்று முடிகிற வரி. அதற்குக் கீழே சதுர அடைப்புக்குள் ஆறு ஆச்சரியக்குறி போட்டு, ‘ஃபெயில்ட் டு மவுன்ட் ஏபிஐ ஃபைல்சிஸ்டம்ஸ், ஃப்ரீசிங்’. தான் உறைந்து நிற்பதை அதுவே சொல்லிவிடுகிறது. இந்த வரிகளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் உதவி கேட்பதென்றாலும் ‘வேலை செய்யுதில்லை’ என்று எழுதுவதைவிட இந்தப் படம் ஆயிரம் மடங்கு உதவும்.

இப்போது காரணத்துக்கு வருவோம். எந்தச் செயலுக்கு எவ்வளவு நினைவகம், எவ்வளவு சிபியு என்று கெர்னல் பங்கு பிரிக்கிற ஏற்பாட்டுக்குப் பெயர் சிகுரூப். முதல் பதிப்பு 2008 ஜனவரியில் 2.6.24 கெர்னலோடு வந்தது. இரண்டாம் பதிப்பை 2016 மார்ச்சில் வந்த 4.5 கெர்னலில் முறையாகச் சேர்த்தார்கள். உங்கள் உபுண்டு 16.04 வெளியானது 2016 ஏப்ரலில். அதற்குள் இருக்கிற சிஸ்டம்டி 229க்குப் பழைய பதிப்புத்தான் தெரியும். புரொக்ஸ்மொக்ஸ் 6 வரைக்கும் சேர்வர் பழைய பதிப்பையும் காட்டிக்கொண்டிருந்ததால் பிரச்சினை இல்லை. 2021 ஜூலையில் வந்த 7லிருந்து இரண்டாம் பதிப்பை மட்டும் காட்டுவதுதான் அதன் இயல்பு. பழைய சிஸ்டம்டி எழும்பியதும் தனக்குத் தெரிந்த சிகுரூப்பை மவுன்ட் பண்ணப் (இணைத்துக்கொள்ளப்) பார்க்கிறது, முடியவில்லை, அது இல்லாமல் மேற்கொண்டு போகவும் அதற்குத் தெரியாது. அதனால் நின்றுவிடுகிறது. சென்டோஸ் 7க்கும் இதே கதைதான், அதற்குள் இருப்பது 219. உங்கள் மற்ற இரண்டு கொன்டெய்னரும் வருகின்றன என்றால் அவற்றில் இதைவிடப் புதிய சிஸ்டம்டி இருக்க வேண்டும்.

புரொக்ஸ்மொக்ஸ் இதை உங்களிடம் சொல்லியும் இருக்கும். இணையப் பக்கத்தின் அடியில் ஓடுகிற பணிப் பட்டியலில், 105ஐத் தொடக்கிய வரி ‘ஓகே’ என்று முடியாமல் ‘வோர்னிங்’ என்று முடிந்திருக்கும். அதை இரண்டு தரம் சொடுக்கித் திறந்தால், பழைய சிஸ்டம்டி இருக்கிறது, சிகுரூப் இரண்டாம் பதிப்பு மட்டும் உள்ள இடத்தில் இந்தக் கொன்டெய்னர் ஓடாது என்று எழுதியிருப்பதைக் காணலாம். எதையும் அழிப்பதற்கு முன் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

முதல் வேலை, தரவைக் காப்பாற்றுங்கள். கொன்டெய்னர் எழும்பாவிட்டாலும் பேக்கப் எடுக்கலாம். நிறுத்திவிட்டு, பேக்கப் பக்கத்தில் ‘ஸ்டொப்’ முறையைத் தெரிவுசெய்து இன்றைக்கே ஒன்று எடுத்து வெளி வட்டில் வையுங்கள். கோப்பு ஒன்றிரண்டு மட்டும் அவசரமாக வேண்டுமென்றால் ‘பிசிடி மவுன்ட் 105’ கொடுத்தால் அதன் கோப்புகள் சேர்வரிலேயே தெரியும். வேலை முடிந்ததும் ‘பிசிடி அன்மவுன்ட் 105’ கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் கொன்டெய்னரில் பூட்டு விழுந்தபடியே இருக்கும், அடுத்த பேக்கப் ஓடாது.

அடுத்து, கொன்டெய்னரை எழுப்ப சேர்வரைத் தற்காலிகமாகப் பழைய முறைக்குத் திருப்ப வேண்டும். சேர்வரில் ‘ஈடிசி’ கோப்புறைக்குள் ‘டிஃபோல்ட்’, அதற்குள் ‘கிரப்’ என்ற கோப்பு இருக்கும். ‘குவைட்’ என்ற சொல் இருக்கிற வரியில், அதே மேற்கோளுக்குள் ஒரு இடைவெளி விட்டு ‘சிஸ்டம்டி.யுனிஃபைட்_சிகுரூப்_ஹையரார்க்கி=0’ என்று சேருங்கள். முதலில் புள்ளி, பிறகு அடிக்கோடுகள், நடுவில் இடைவெளி இல்லை. ‘அப்டேட்-கிரப்’ ஓடவிட்டு முழுச் சேர்வரையும் ரீபூட் செய்யுங்கள். ரூட் வட்டின் கோப்புமுறைமை இசட்எஃப்எஸ் ஆகவும், சேர்வர் எழும்புகிற முறை யுஇஎஃப்ஐ ஆகவும் இருந்தால் இந்தக் கோப்பு செல்லாது. அப்போது ‘ஈடிசி’யில் ‘கெர்னல்’ கோப்புறைக்குள் இருக்கிற ‘சிஎம்டிலைன்’ கோப்பில் சேர்த்து, ‘புரொக்ஸ்மொக்ஸ்-பூட்-டூல் ரிஃப்ரெஷ்’ கொடுக்க வேண்டும். 105 இப்போது எழும்பும். மற்ற இரண்டிலும் இருப்பது 256க்கு முந்தைய சிஸ்டம்டி என்றால் அவற்றுக்கு இதனால் கேடு இல்லை, அதற்கு இரண்டு பதிப்பும் தெரியும்.

ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். உபுண்டு 16.04க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2021 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன. நீங்கள் ஏறியிருக்கிற புரொக்ஸ்மொக்ஸ் 7க்கும் 2024ல் ஆதரவு முடிந்துவிட்டது, எனவே 8க்குப் போகத்தான் வேண்டும். 8 வரைக்கும் இந்தக் கிரப் வரி கைகொடுக்கும். 2025 ஆகஸ்டில் வந்த 9ல் பழைய சிகுரூப்பையே எடுத்துவிட்டார்கள், அங்கே இந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே 105 எழும்பியதும் அதை ஒரு குளோன் எடுத்து, குளோனுக்குள் உபுண்டுவை 18.04க்கு ஏற்றிப் பாருங்கள். 18.04ல் சிஸ்டம்டி 237 இருக்கிறது, சிகுரூப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. 20.04க்கும் தாவலாம், ஆனால் அங்கே பிஎச்பி 7.4 ஆகவும் மைஎஸ்கியூஎல் 8 ஆகவும் மாறும். பழைய கட்டண மென்பொருள் அதில் இடறக்கூடும். 18.04ல் பிஎச்பி 7.2, மைஎஸ்கியூஎல் 5.7. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் 18.04ல் நின்று ரசீது ஒன்று அச்சடித்துப் பார்ப்பேன். 18.04க்கும் வழக்கமான திருத்தங்கள் நின்றுவிட்டன என்பதால், மென்பொருளைத் திருத்தி அடுத்த படி ஏறும் வேலையையும் சேர்த்தே திட்டமிடுங்கள். குளோன் சரிவந்ததும் உண்மையான 105ஐ ஏற்றுங்கள், கிரப் வரியை எடுத்துவிடுங்கள்.

7லிருந்து 8க்கு ஏறும் முன் ‘பிவிஈ7டு8’ என்ற சோதனை நிரலை ‘--ஃபுல்’ சேர்த்து ஓடவிடுங்கள். 6க்கும் இப்படி ஒன்று இருந்தது. அது ‘--ஃபுல்’ இல்லாமல் ஓடினால் கொன்டெய்னர்களின் சிகுரூப் பொருத்தத்தைப் பார்க்காமல் தாண்டிவிடும்.

பேக்கப் பற்றி ஒரு வார்த்தை. கூலிக்குப் போய் வந்த காசிலும் கடலுக்குப் போய் வந்த காசிலும் பெற்றோர் கட்டிய மாதக் கட்டணம் அந்த 105ல் இருக்கிறது. அதற்கு மூன்று கிழமைக்கு ஒரு பேக்கப் போதாது தம்பி. ஒவ்வொரு இரவும் தானாக ஓடும்படி நேரம் குறித்து வையுங்கள்.

கேள்வி: கொன்டெய்னருக்குள் ‘லினக்ஸ்-இமேஜ்’ நிறுவி ரீபூட் செய்தால் புதிய கெர்னல் வருமா? (பாலையூற்று வாசகர்)

பதில்: வராது. வட்டில் இடம் பிடிக்கும், அவ்வளவுதான். ‘யுநேம் -ஆர்’ உள்ளேயும் வெளியேயும் ஒரே விடையைத்தான் தரும். சேர்வரின் கெர்னலை ஏற்றினால் எல்லாருக்கும் ஏறும்.

கேள்வி: நிலாவெளியில் விடுதி நடத்துகிறேன். முன்பதிவுப் பட்டியல் ஒரு கொன்டெய்னரில் இருக்கிறது. இரவு இடி மின்னலோடு கரண்ட் போனது. காலையில் சேர்வர் வந்தது, கொன்டெய்னர் வரவில்லை. ‘சிடி இஸ் லொக்ட்’ என்று சொல்லி அடைப்புக்குள் ‘பேக்கப்’ என்கிறது. அறைகளில் ஆட்கள் இருக்கிறார்கள், அவசரம்.

பதில்: ஐப்பசி, கார்த்திகையில் இது நம்முடைய பக்கத்தில் அடிக்கடி நடக்கிற ஒன்று. இரவு பேக்கப் ஓடிக்கொண்டிருந்த நேரம் கரண்ட் போயிருக்கிறது. பேக்கப் தொடங்கும்போது போட்ட பூட்டை எடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. பணிப் பட்டியலில் இப்போது எந்தப் பேக்கப்பும் ஓடவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு ‘பிசிடி அன்லொக்’ என்று கொன்டெய்னரின் இலக்கத்தோடு கொடுங்கள். ஓடுகிற பேக்கப்பின் நடுவில் மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம்.

பூட்டு போனதும் உடனே ஸ்டார்ட் அடிக்காமல் வட்டுப் பிழை பார்க்கிற ‘பிசிடி எஃப்எஸ்சிகே’ அதே இலக்கத்தோடு ஒரு தரம் ஓடவிடுங்கள். கொன்டெய்னர் நின்றிருக்கும்போதுதான் இதைச் செய்யலாம், இப்போது நின்றுதான் இருக்கிறது. பிறகு சேர்வரில் ‘எல்விஎஸ்’ தட்டி, தின்பூல் (கொன்டெய்னர்கள் பங்குபோடுகிற வட்டிடம்) வரியில் ‘டேட்டா’ நூற்றுவீதத்தைப் பாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உள்ளே ‘டிஎஃப்’ பார்த்து இடம் தாராளமாக இருக்கிறது என்று நம்பி நாள் முழுக்க வேறெங்கோ தேடியவர்களை எனக்குத் தெரியும். தின்பூலில் கொன்டெய்னருக்குக் கொடுத்த இடம் வாக்குறுதி மட்டுமே. எல்லாக் கொன்டெய்னரும் சேர்ந்து உண்மையான வட்டை நிரப்பிவிட்டால், உள்ளே பாதி காலியாகத் தெரிந்தாலும் எழுத இடம் இருக்காது. கோப்புமுறைமை வாசிக்க மட்டும் என்று மாறிவிடும், இனிட் எழும்பியும் மைஎஸ்கியூஎல் எழும்பாது. பூல் நூறை நெருங்கியிருந்தால் தேவையற்ற பழைய ஸ்னப்ஷொட்டுகளை (ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைத்த பதிவுகளை) அழித்து, கொன்டெய்னர்களுக்கு ‘பிசிடி எஃப்எஸ்டிரிம்’ கொடுங்கள். உள்ளே அழித்த கோப்புகளின் இடம் பூலுக்குத் திரும்பி வரும்.

அன்று இரவு பேக்கப் மறுபடி தோற்றால் ‘விஇசட்டம்ப்’ என்ற பெயரில் அரைகுறையாக ஒரு ஸ்னப்ஷொட் மிஞ்சியிருக்கலாம். இருந்தால் இப்படி அழியுங்கள்: ‘பிசிடி டெல்ஸ்னப்ஷொட்’, கொன்டெய்னர் இலக்கம், ‘விஇசட்டம்ப்’, கடைசியில் ‘--ஃபோர்ஸ்’. அதோடு சரி.

அப்புறம், அந்தச் சேர்வருக்கு ஒரு யூபிஎஸ் வாங்குங்கள் ஐயா. பற்றரி குறையும்போது சேர்வருக்குச் சொல்லித் தானாக மூடவைக்கிற யூஎஸ்பி வயர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கடற்கரையில் இருப்பவர் என்பதால் இன்னொன்று: சேர்வரை ஜன்னல் பக்கம் வைக்க வேண்டாம். உப்புக்காற்று இணைப்பிகளைத் தின்றுவிடும்.

கேள்வி: தம்பலகாமத்தில் அரிசி ஆலைக் கணக்கைப் பார்க்கிறேன். பழைய கணினி பழுதாகும் முன் அதன் டெபியனை முழுதாகக் கொப்பி பண்ணிக் கொன்டெய்னர் ஆக்கினேன். ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் அசையாமல் நின்று, ‘எமர்ஜென்சி மோட்’ என்கிறது.

பதில்: ஒன்றரை நிமிடம் என்று நீங்கள் கவனித்து எழுதியதே பாதி விடையைத் தந்துவிட்டது. சிஸ்டம்டி ஒரு வட்டுக்காகக் காத்திருக்கும் வழக்கமான நேரம் 90 வினாடி. கொப்பியோடு, எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்கிற பழைய கணினியின் ‘எஃப்எஸ்டாப்’ கோப்பும் வந்திருக்கிறது. அதில் பழைய வட்டின் யுயுஐடி (அடையாள எண்), ஸ்வொப் பகுதி எல்லாம் எழுதியிருக்கும். இல்லாத வட்டுக்காகக் காத்திருந்துவிட்டு, வரவில்லை என்றதும் அவசர நிலைக்குப் போகிறது. கொன்டெய்னரின் ரூட்டை சேர்வரே மவுன்ட் பண்ணிக் கொடுத்துவிடுவதால் உள்ளே அந்த வரிகள் எதுவும் தேவையில்லை. ‘பிசிடி என்டர்’ வழியாகப் போய், யுயுஐடி வரிகளுக்கும் ஸ்வொப் வரிக்கும் முன்னால் ஒரு ஹாஷ் குறி போடுங்கள்.

ஆலையின் இன்னொரு கணினியிலிருந்து என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்புப் பகிரும் முறை) வழியாகக் கோப்பு எடுக்கிற வரி இருந்தால் அதையும் அங்கே வைக்க வேண்டாம். அன்பிரிவிலிஜ்ட் (சேர்வரில் அதிகாரம் இல்லாத) கொன்டெய்னருக்குள் என்எஃப்எஸ் மவுன்ட் பண்ண அனுமதி கிடையாது. சேர்வரில் மவுன்ட் பண்ணி, ‘எம்பி0’ என்ற மவுன்ட் பொயின்ட்டாகக் கொன்டெய்னருக்குக் கொடுங்கள். எழும்பிய பிறகும் ஏதாவது தாமதித்தால் ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ எதனால் என்று வினாடிக் கணக்கோடு காட்டும்.

கேள்வி: கோணேசபுரியில் படிக்கிறேன் அக்கா. புதிய டெபியன் கொன்டெய்னர் எழும்புகிறது, லொகின் பண்ண முடிகிறது. ஆனால் ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்’ பார்த்தால் பல சேவைகள் சிவப்பாக நிற்கின்றன, ‘226 நேம்ஸ்பேஸ்’ என்று வருகிறது. பிரிவிலிஜ்ட் ஆக மாற்றினால் சரிவரும் என்கிறார்கள்.

பதில்: மாற்ற வேண்டாம் தங்கச்சி. புதிய சிஸ்டம்டி தன் சேவைகளுக்குள்ளேயே தனித்தனி நேம்ஸ்பேஸ் உண்டாக்கி, ஒரு சேவையின் கோப்புகளை இன்னொன்று தொடாமல் காக்கப் பார்க்கிறது. கொன்டெய்னருக்குள் அதற்கு அனுமதி கிடைக்காதபோது வருவதுதான் 226. கொன்டெய்னரை நிறுத்தி, ‘ஒப்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘ஃபீச்சர்ஸ்’ திறந்து ‘நெஸ்டிங்’ என்பதைத் தெரிவுசெய்து, மறுபடி தொடக்குங்கள். பிரிவிலிஜ்ட் ஆக்கினால் உள்ளே இருக்கிற ரூட்டும் சேர்வரின் ரூட்டும் ஒரே பயனர் ஆகிவிடும். அன்பிரிவிலிஜ்டில் உள்ளே 0 ஆக இருக்கிறவர் வெளியே 100000 என்ற அதிகாரமற்ற ஒருவர். படிக்கிற காலத்தில் எதையும் உடைத்துப் பார்க்கத் தைரியம் தருகிற காப்பு அது, அதை வைத்திருங்கள். மாற்றியதும் ‘சிஸ்டம்சிடிஎல் இஸ்-சிஸ்டம்-ரன்னிங்’ தட்டிப் பாருங்கள். ‘ரன்னிங்’ என்று வந்தால் இந்த முறை அதை நம்பலாம், ஏனென்றால் இதைச் சொல்வது உள்ளே இருக்கிற சிஸ்டம்டி. ‘டிகிரேடட்’ என்று வந்தால் இன்னும் ஏதோ ஒன்று விழுந்து கிடக்கிறது. ‘ஜேர்னல்சிடிஎல் -பி -பி எர்ர்’ (முதல் ‘பி’ ‘பூட்’டின் முதலெழுத்து, இரண்டாவது ‘பிரயோரிட்டி’யின் முதலெழுத்து) தரும் வரிகளை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.